கோலார் தங்கவயல்: மண்மேடுகளும் தமிழ்த் தொழிலாளர் வரலாறும்

முன்னுரை

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. காரில் இவ்வூரை அடைவோரின் கண்ணைக் கவர்வன, சாம்பல் நிறக் குன்றுகளும் கைவிடப்பட்ட சுரங்கக் கட்டடங்களும் ஆகும். 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படத்தின் காட்சிகள் சில இக்குன்றுகளில் படமாக்கப்பட்டன. அதன்பின் குன்றுகளை இயற்கைக் காட்சியாகவும் ஊரைப் 'பேய் நகரம்' ஆகவும் காணும் வழக்கம் வலுப்பெற்றது. இவ்விரு பார்வைகளும் தொழிலாளர் வரலாற்றை மறைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

குடியேற்றமும் உழைப்பும்

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் இங்குச் சுரங்கத் தொழில் வேரூன்றியது. வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்தது. தொழிலாளர்களோ 'லைன்' எனப்பட்ட நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. வெப்பம், பாறை வெடிப்பு, நுரையீரலைத் தாக்கும் சிலிகோசிஸ் ஆகியவை அங்கு உழைத்தோரின் அன்றாட அச்சங்களாயின. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம், அடையாளமற்ற கூலிகளாக நடத்தப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

குன்றுகள் உணர்த்துவன

இக்குன்றுகள் இயற்கையானவை அல்ல. நிலத்தடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவுகளே இவை. மக்கள் இவற்றைச் 'சயனைடு மேடு' என்பர். தங்கம் வெளியேறியது; கழிவு உழைத்தவர்களின் வாசலில் தங்கிவிட்டது. காற்று வீசும் காலத்தில் அதன் துகள்கள் குடியிருப்புகளில் படிகின்றன.

முடிவுரை

1956இல் அரசுடைமையான சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சுரங்கம் மூடப்பட்டதேயன்றி ஊர் வெறிச்சோடவில்லை. மாரிகுப்பத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் தொடர்வண்டிகளில் சுரங்கத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் வேலை தேடிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். இரவில் அதே லைன் வீடுகளுக்குத் திரும்புகின்றனர். மக்கள் வாழும் ஊரைப் பேய் நகரம் என்பது, அவர்களின் குடியிருப்பு உரிமை, நிலுவைத் தொகை, உடல்நலம் ஆகியவை குறித்த கேள்விகளையும் முடிந்துபோன கதையாக்கிவிடும். எனவே, இக்குன்றுகளைச் சுற்றுலாக் காட்சியாக அன்றி, தமிழ்த் தொழிலாளர் வரலாற்றின் முதன்மைச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.