பார்த்துக் கற்ற ஓவியர்

நவராத்திரி நாளில் கொக்குவில் வீடுகளில் நாம் வணங்கும் கலைமகள் படங்கள் பலவற்றிற்குச் சாயல் வகுத்தவர் கிளிமானூர் இரவிவர்மா (1848–1906) ஆவார். அவர் ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றாரல்லர். சிறுவயதில் முதற்பாடம் புகட்டியவர் தாய்மாமனார். எண்ணெய் வர்ண நுட்பத்தையோ, திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்னும் மேனாட்டார் தீட்டுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1873ஆம் ஆண்டு வியன்னாக் கண்காட்சியில் அவர் ஓவியம் பரிசு பெற்றது.

தம்பியார் இராசராசவர்மாவும் ஓவியரே. எனினும் தமையனாருடன் ஊரூராய்ச் சென்று, படங்களின் பின்னணியைத் தீட்டி உதவினார், நாட்குறிப்பும் எழுதிவைத்தார். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவர்களது கல்லச்சுக்கூடமே தெய்வப் படங்களை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசென்றது. 1905இல் தம்பியார் மறைந்தார். மறு ஆண்டிலேயே தமையனாரும் மறைந்தார்.

ஆசானில்லையென நாம் கலங்கவேண்டுவதில்லை. உடன்பிறந்தாரை மறந்து உயரலாமென எண்ணவும் வேண்டா.