வில்லனும் வெட்டியும்

வெள்ளித்திரையிலே கொடியவன் தோன்றுகிறான். கொட்டகை கொதிக்கிறது. "வில்லன் வந்துவிட்டான்" என்று சிறுவனும் கூறுகிறான். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் தலைமீது முதலில் சுமத்தப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணிப் பார்ப்போமானால், கொடியவன் வேறு, கொடுமைக்கு ஆளானவன் வேறு என்பது புலனாகும்.

இலத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த உழவன் 'வில்லானஸ்'. இங்கிலாந்தை வென்ற வில்லியம், நாட்டின் நிலத்தையும் நிலத்தைச் சார்ந்த மக்களையும் கணக்கெடுக்கச் செய்தான். 1086-இல் தொகுக்கப்பட்ட அந்தப் பெரும் பதிவேட்டில், குடிகளிலே பெருந்தொகையினர் இந்தப் பெயராலேயே குறிக்கப்பட்டனர். பின்னர் அது சட்டச் சொல்லாக இறுகிற்று. வில்லெய்ன் என்றால், மண்ணோடு பிணைக்கப்பட்ட மனிதன். வாரத்திலே சில நாள் ஆண்டையின் வயலில் கூலியின்றி உழைக்கவேண்டும். மகளை மணமுடித்துக் கொடுக்க ஆண்டைக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். ஊரைவிட்டு அகல உரிமையில்லை. ஆண்டைமீது வழக்குத் தொடுக்க அரசன் மன்றத்திலே இடமுமில்லை!

1348-இல் கொள்ளைநோய் புகுந்தது, மக்கள் மாண்டனர், உழைக்கும் கைகள் குறைந்தன. கைகள் குறைந்தால் கூலி உயரவேண்டுமல்லவா? உயரக்கூடாது என்று 1351-இல் சட்டம் செய்தனர் சீமான்கள். 1381-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். பல ஊர்களில் அவர்கள் தேடிச் சென்று கொளுத்தியவை பண்ணை ஏடுகள்! தங்களை அடிமையாக்கியது வானத்து விதியன்று, ஏட்டிலே எழுதப்பட்ட எழுத்துத்தான் என்பதை எழுதப்படிக்கத் தெரியாத அந்த உழவர்கள் உணர்ந்திருந்தனர். மன்னன் இரிச்சர்டு விடுதலை வாக்களித்தான். பிறகு வாக்கை விழுங்கினான். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. எனினும் அந்த முறை மெல்ல மெல்லத் தேய்ந்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வழக்கொழிந்தது.

முறை ஒழிந்தது, சொல் ஒழிந்ததா? இல்லை. பண்ணையாள் என்றால் நாகரிகமற்றவன் என்றனர். நாகரிகமற்றவன் நல்லெண்ணமும் அற்றவன் என்றனர். நல்லெண்ணம் அற்றவன் கயவன் என்றனர். நாடகமேடை அவனைப் பற்றிக்கொண்டது; அங்கிருந்து திரைக்கு வந்தான்; நம் தமிழுக்கும் வந்தான், வில்லனாக! ஏர் பிடித்தவன் கொடியவன் ஆனான். ஏய்த்துப் பிழைத்த சீமானோ கண்ணியத்தின் மறுபெயரானான்.

அது ஆங்கில நாட்டு அநீதி என்று நாம் அமைதி கொள்ளலாமா? கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்வோம்.

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராகத் திகழ்ந்தது. வடபுலப் படையெடுப்பின் வெற்றிக்கு அடையாளமாக முதலாம் இராசேந்திரன் அங்கே சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். நீராலான வெற்றித்தூண் என அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. விண்ணை முட்டும் விமானத்தைக் காணும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும். ஆனால், நெஞ்சு நிமிரும்போது நினைவு மங்கலாகாது.

சோழர் காலக் கல்வெட்டுகளிலே வரிகளையும் கடமைகளையும் குறிக்கும் சொற்கள் நானூறுக்கு மேல். தறிக்கு வரி தறியிறை, பொற்கொல்லருக்குத் தட்டாரப்பாட்டம், மணமுடித்தால் கண்ணாலக்காணம்! இங்கிலாந்தில் மட்டுமா மணத்துக்குக் கட்டணம்? இத்தனை சொற்களுள்ளும் மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் ஒன்று 'வெட்டி'. அது நெல்லாகவோ பொன்னாகவோ செலுத்தும் வரியன்று. உடலால் செலுத்தும் வரி. கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை. 'விஷ்டி' என்னும் வடசொல்லின் திரிபு இது என்பர் அறிஞர் பலர். சொல் எங்கிருந்து வந்திருப்பினும் சுமை விழுந்தது தமிழ் உழவனின் தோள்மீதுதான்.

சுங்கத்தை நீக்கியதால் முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற சிறப்புப் பெயர் கிடைத்தது. 'வெட்டி தவிர்த்த சோழன்' என்று வரலாறு எவரையும் வாழ்த்தவில்லை. வணிகனின் மூட்டை இறங்கிற்று. உழைப்பாளியின் மூட்டை இறங்கவில்லை.

இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். வெட்டி என்றால் கூலியில்லா வேலை. கூலியில்லா வேலை செய்தவனுக்குப் பயனில்லாத வேலை. எனவே, பயனற்றது எதுவும் வெட்டி ஆயிற்று: வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு. இறுதியில், வேலையே செய்யாதவன் 'வெட்டிப் பயல்'! ஓய்வின்றி உழைத்தவனைக் குறித்த சொல், உழைக்காத சோம்பேறிக்கு உரியதாயிற்று. ஊருக்கு ஊழியம் செய்த வெட்டியான் இழிந்தவன் எனத் தள்ளி வைக்கப்பட்டான். அந்த ஊழியத்தின் பயனை உண்டவன் உயர்ந்தவனாக உட்கார்ந்திருந்தான். வில்லெய்ன் வில்லனானதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

காலம் வெகுவாக மாறிவிட்டது, பழங்கதை எதற்கு என்பர் சிலர். ஆங்கில ஆட்சி 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றிற்று. ஏரிக்கரை காக்கவும் உடைப்பை அடைக்கவும் ஊராரை இழுத்துவர அது வழி செய்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அதன் பிறகும் 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது. நாடெங்கும் நிலவிய கட்டாய உழைப்பின் பெயர்களை அச்சட்டம் வரிசையாக அடுக்குகிறது. பண்ணையாளும் படியாளும் அதிலே உண்டு. அந்த வரிசையின் கடைசிப் பெயர் எது தெரியுமா? வெட்டி! சோழர் காலக் கல்லிலே கண்ட சொல், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்திலே நிற்கிறது. பழங்கதையா இது?

சொற்கள் தாமாகப் பொருள் மாறுவதில்லை. ஏடும் எழுத்தாணியும் எவர் கையில் இருந்தனவோ, அவர் பார்வையே அகராதியாயிற்று. உழைப்பவன் கையில் மண்வெட்டி இருந்தது, எழுத்தாணி இல்லை. இன்று நம் கையில் எழுதுகோல் இருக்கிறது.

எனவே இளைஞர்களே, கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்லுங்கள். கலையைக் கண்டு களியுங்கள். பிறகு ஏரிக்கரையில் சிறிது நேரம் நில்லுங்கள். மன்னன் பெயர் நிலைத்தது. மண் சுமந்தோர் பெயர் நிலைக்கவில்லை. அவர்களுக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அதற்குக் கல் வேண்டா, காசும் வேண்டா. வேலை கிடைக்காமல் வாடும் தோழனைப் பார்த்து 'வெட்டி' என்று சொல்ல நாக்கு எழும்போது, அதை அடக்குவோம். அடக்கும் அந்த நொடியில், ஆயிரமாண்டு இழிவில் ஒரு கல் பெயர்ந்து விழும்.