தாயின் பை: மன்னார்க் கரையின் ஒரு நூற்றாண்டு

கைக்குழந்தையோடு புறப்படும் பெண்ணின் பையில் மாற்றுத் துணி இருக்கும், பால் போத்தல் இருக்கும், ஒரு துவாய் இருக்கும். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அவற்றின் இடத்தில் பிஸ்கற்றும் தண்ணீர்ப் போத்தலும் வந்து சேரும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டால் பிள்ளைக்கே ஒரு பை கிடைத்துவிடும். அதன் பின்னர் தாயின் பையில் அவளுடைய கண்ணாடி, சில்லறைக்காசு, வீட்டுச் சாவி ஆகியவை மட்டுமே எஞ்சும். தாய்மையின் எந்தப் பருவத்துக்கு எந்தப் பை பொருந்தும் என்று பெண்கள் இதழ்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. கடைக்காரர்களும் அதற்கேற்ப வகை பிரித்து விற்கிறார்கள். பிள்ளை வளர வளரத் தாயின் பை இளைக்கும் என்பதே இவர்கள் எல்லோருடைய கணக்கும்.

மன்னார்த் தீவிலும் அதன் எதிரே கிடக்கும் பெருநிலக் கரையிலும் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கணக்குப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே பிள்ளை வளர வளரத் தாயின் பை கனத்தது. பிள்ளை இல்லாமற் போன பிறகு இன்னும் கனத்தது.

முதலில் பழைய காலத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம். நம் பெண்களுக்குக் கைப்பை என்று ஒன்று நெடுங்காலம் இருந்ததில்லை. சேலையின் மடியும் முந்தானை முடிச்சுமே போதுமானவையாக இருந்தன. காசும் திறப்பும் அங்கேதான் முடியப்பட்டன. ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிய துணிப் பையைத்தான் பயன்படுத்தினார்கள். உடை மெலிந்து அந்தப் பைக்கு இடமில்லாமற் போனபோதுதான் அது கைக்கு வந்தது. கைப்பையின் வரலாறு என்பது பெரிதும் உடையின் வரலாறே.

வடபுலத்தில் மடிக்கு அடுத்தபடியாக இருந்தது கொட்டைப்பெட்டி. பனங்குருத்தோலையை நுணுக்கமாக இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி பின்னிய சின்னஞ்சிறு பெட்டி அது. வெற்றிலை, பாக்கு, சில்லறை ஆகியவற்றுடன் இடுப்பிற் செருகிக்கொள்வார்கள். என் பாட்டியின் கொட்டைப்பெட்டியில் எப்போதும் ஒரு துண்டு வசம்பு இருந்தது. இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் 'பேர் சொல்லாதது' என்பார்கள். பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரும் உண்டு. பேரப்பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து, மூத்தவனுக்கு மீசை அரும்பிய பிறகும் அந்த வசம்பை அவர் வெளியே எடுக்கவில்லை. தாய்மாரின் பைகளுக்கு எதையும் எளிதில் வெளியே எறியத் தெரியாது என்பதற்கு நான் கண்ட முதற் சான்று அது.

மன்னாரில் பனைக்குப் பஞ்சமில்லை. தோளில் மாட்டும் உமல், தலையிற் சுமக்கும் கடகம், கருப்பட்டிக்குக் குட்டான் என்று பனையோலையால் ஆகாத கொள்கலம் இல்லை. கரையில் மீன் வாங்கிக் கடகத்தில் வைத்து ஊருக்குள் கொண்டுபோய் விற்ற பெண்களுக்கு இடுப்பிற் குழந்தையும் தலையிற் கடகமுமாகவே காலம் கழிந்தது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கப்பட்ட பின்னர், அதே ஓலையிற் சாயமிட்ட அழகிய கைப்பைகளும் சந்தைக்கு வந்தன. ஆனால் அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பின்னிய பெண்களின் கையில் இருந்தது கடையில் வாங்கிய றெக்சின் பை.

மன்னாரின் வழியாகப் போன தாய்மாரையும் இங்கே விட்டுவிட முடியாது. தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வருவதற்கு முன்னரே, தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டவர்கள் இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். அந்த வழியெங்கும் கொள்ளைநோயில் மாண்டவர்கள் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவையும் வந்த பிறகு பயணம் எளிதாயிற்று. ஆனால் மூட்டை அதே மூட்டைதான். ஒரு சேலையின் நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டியது. அதற்குள் ஒரு பானை, ஒரு போர்வை, பிள்ளையின் துணி.

அரை நூற்றாண்டு கழித்து அந்த மூட்டை திரும்பி வந்தது. 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போகத் தொடங்கியது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கி வந்த அந்த ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். பாட்டி கொண்டுவந்த மூட்டையில் காகிதம் எதுவும் இருக்கவில்லை. பேத்தி கொண்டுபோன மூட்டையில் கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், சேமலாப நிதித் தாள்கள் எல்லாம் இருந்தன. துணிக்கும் பாத்திரத்துக்கும் இணையாகக் காகிதமும் தாயின் சுமையானது இந்தத் துறைமுகத்திலேதான் தொடங்கிற்று என்று சொல்வது மிகையாகாது.

மன்னாரின் சொந்தத் தாய்மாருக்கு அந்தக் காலம் அமைதியாகவே கழிந்தது. ஆசிரியைமாரும் தாதிமாரும் குடையும் கைப்பையுமாகத் தெருவிற் போகத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்களின் பைக்குள் கிளினிக் அட்டை வந்தது. 1973இல் அறிமுகமான திரிபோஷா மாவுப் பொட்டலம் வந்தது. கர்ப்பத்தில் ஓர் அட்டை, பிள்ளை பிறந்ததும் அதன் நிறை, உயரம், தடுப்பூசி ஆகியவற்றைக் குறிக்கும் இன்னோர் அட்டை. ஐந்து வயதானதும் அந்த அட்டை பெட்டகத்துக்குப் போய்விடும். மேலே சொன்ன இதழ்களின் கணக்கு ஓரளவுக்காவது சரியாக இருந்த காலம் அது.

அந்தக் கணக்கு முறிந்தது 1990இல்.

அந்த ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. மன்னார்த் தீவில் சில நாட்கள் கிடைத்தன. எருக்கலம்பிட்டியில் வீடு வீடாகப் புகுந்து பணத்தையும் நகைகளையும் எடுத்த பிறகு, நவம்பர் தொடக்கத்துக்குள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொண்டுபோகக் கூடியவற்றுக்கும் அளவு விதிக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஐந்து பயணப் பைகள், 2,000 ரூபாய் காசு, ஒரு பவுன் தங்கம்.

இந்த மூன்று எண்களும் அறிக்கைகளில் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. நாற்பதாண்டு பத்திரிகைத் தொழிலில் நானும் அப்படித்தான் படித்துக் கடந்திருக்கிறேன். ஆனால் அந்த வரியை ஒரு தாயின் இடத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். பைகளின் எண்ணிக்கை குடும்பத்துக்குத்தான், ஆளுக்கல்ல. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் அதே ஐந்து. கைக்குழந்தை இருந்தால் ஒரு பை அதற்கே போய்விடும். ஐப்பசி மழையில் திறந்த படகில் கற்பிட்டி வரை போக வேண்டியிருந்ததால், உலர்ந்த துணி எவ்வளவு இருந்தாலும் போதாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகங்களை எடுப்பதா விடுவதா? எடுத்தால் அரிசிக்கு இடமில்லை. விட்டால் போகிற ஊரில் எந்த வகுப்பிற் சேர்ப்பார்கள்?

கலியாண வயதில் மகள் இருந்த வீட்டின் நிலை வேறு. மகள் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பவுனாகச் சேர்ப்பதுதான் அந்தக் கரையின் முஸ்லிம் தாய்மாரின் சேமிப்பு. கத்தோலிக்க, இந்துத் தாய்மாரும் அப்படித்தான். எட்டுக் கிராம் கொண்ட ஒரே ஒரு பவுனை மட்டும் எடுத்துப் போகலாம் என்றால், இருபது ஆண்டுத் தாய்மையை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று பொருள். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவிருந்த வீடும் பின்னால் நின்றது. அதன் காணி உறுதி எந்தப் பையில் வைக்கப்பட்டது என்பதை யாரும் அப்போது பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் அநேகர்.

இந்தச் சிறு தெரிவுதான் பிறகு பெரிதாயிற்று. போர் 2009இல் முடிந்து அவர்கள் மீளக் குடியேற வந்தபோது, பிரதேச செயலகத்தில் முதலிற் கேட்கப்பட்டது அந்தத் தாள்தான். ஐந்து பைகளில் ஒன்றின் அடியில் அதை வைத்திருந்த தாயின் பிள்ளைகளுக்கு வழி இலகுவாயிற்று. மற்றவர்கள் அலைந்தார்கள். 1990இல் தோளிற் சுமந்து போன குழந்தைக்கு அப்போது இருபது வயது. அதற்குப் பின் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரத்தில் ஊர் புத்தளம் என்று இருந்தது. அங்கும் இங்குமாக இரண்டு வீடு வைத்திருக்கும் குடும்பங்களில் தாயின் பையிற் பேருந்துச் சீட்டுகள் நிறைந்தன.

அதே 1990இல் தமிழ்த் தாய்மாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். மடுவிலும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையகம் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. பல்லாயிரம் பேர் மடுத் தேவாலய வளவிற் பல ஆண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். 1999 நவம்பர் 20 இரவு அங்கேயும் எறிகணை விழுந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுரூபத்தையே குருமார் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக நேர்ந்தது. மாதாவும் இடம்பெயர்ந்தார் என்று மக்கள் சொன்னது உவமையாக அல்ல. இன்னும் பலர் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவில் படகேறி, மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமிற் போய்ப் பதிந்துகொண்டார்கள்.

இந்த ஓட்டங்களில்தான் மன்னார்த் தாயின் பை இன்றைய உருவத்தைப் பெற்றது. துணி ஈரமானால் காயவைக்கலாம், காகிதம் ஈரமானால் போயிற்று. ஆகவே பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் ஒரு துணிப்பை. அதற்குள் பிறப்புப் பத்திரங்கள், குடும்ப அட்டை, காணி உறுதி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், திருமணப் பதிவு. இரவில் தலைமாட்டிலும் எறிகணை விழும்போது பதுங்குகுழியிலும் பை கூடவே இருந்தது. தள்ளாடிச் சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நிற்கும்போது முதலில் திறக்கப்பட்டதும் அதுதான்.

பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதை எட்டியபோது பையிலிருந்த ஒரு தாளுக்கு உயிரின் விலை வந்தது. இராணுவத்தின் பக்கம், அப்போது பதினாறு வயதில் எடுக்கப்பட்ட அடையாள அட்டை இல்லாத இளைஞன் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியவில்லை. புலிகளின் பக்கம், வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகச் சேர்த்த காலத்தில், என் மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்று காட்டப் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தாய்மார் முகாம் வாசல்களிற் காத்து நின்றார்கள். ஒரே பத்திரம் ஒரு பக்கம் பிள்ளை வளர்ந்துவிட்டதைக் காட்ட வேண்டியிருந்தது. மறுபக்கம் அதுவே வளரவில்லை என்பதைக் காட்ட வேண்டியிருந்தது.

2008இல் அடம்பன், விடத்தல்தீவு எனப் பெருநிலம் முழுவதும் கிளம்பிக் கிளிநொச்சி வழியே முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்தபோது, வண்டியில் ஏற்றிய கட்டிலும் தையல் இயந்திரமும் ஒவ்வொன்றாக வழியிற் கைவிடப்பட்டன. இறுதியிற் கையில் எஞ்சியது அந்தப் பை. சிலருக்கு அதுவும் எஞ்சவில்லை.

பிள்ளைகள் காணாமற் போன தாய்மாரின் கதை இங்கிருந்து தொடங்குகிறது. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களை வைத்துக் கேட்டது அந்த ஆணைக்குழுவிடம்தான். 2014இல் காணாமற் போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2018 மே மாதத்தில் காணாமற் போனோர் அலுவலகம் தனது முதலாவது பிராந்தியக் கூட்டத்தை மன்னாரில் நடத்தியது. மூன்றுக்கும் தாய்மார் அதே பையுடன் வந்தார்கள். பையின் உள்ளே மட்டும் தாள்கள் கூடியிருந்தன. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதம், முந்திய ஆணைக்குழு கொடுத்த பற்றுச்சீட்டு, பெரிதாக்கி மட்டையில் ஒட்டிய ஒரு புகைப்படம்.

இந்தப் பையில் அரசு வைக்க விரும்பிய ஒரு தாளும் உண்டு. ஓராண்டுக்கு மேலாகத் தகவல் இல்லாதவருக்கு மரணப் பத்திரம் வழங்க 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அதை வாங்கினால் இழப்பீடு கிடைக்கலாம், காணியை மாற்றலாம், வங்கிக் கணக்கைத் திறக்கலாம். மகனின் பிறப்புப் பத்திரத்தை இத்தனை கடலும் காடும் தாண்டிக் காத்த பைக்குள் அவனுடைய மரணப் பத்திரத்தைத் தம் கையாலேயே வைக்கப் பலர் மறுத்தார்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் வேறொரு சான்றிதழ் வந்தது. அதற்கு விண்ணப்பிக்கவும் பிறப்புப் பத்திரத்தின் பிரதி வேண்டும். தாய்மார் பொலித்தீன் சுற்றை அவிழ்த்து அதை வெளியே எடுத்து, கடையிற் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்பவும் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்தார்கள்.