மதுரையில் நிகழ்ந்த தன்னாராய்ச்சி

உயிர் தன்னை உடம்பென மயங்கிக் கிடத்தலே பிறவித் துன்பம் தொடர்தற்கு ஏது என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. ஆதலின் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில், உடம்பும் பொறியும் உயிர்ப்பும் ஆகிய இவற்றின் வேறாய் உயிர் உண்டென்பதைப் பல ஏதுக்களால் நிறுவினார். அந்நூலை ஓதாத மாணவர் ஒருவர் அவ்வாராய்ச்சியைத் தம் உடம்பிலேயே நிகழ்த்தியது மதுரை மாநகரில். பின்னர் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றவர் அவர்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வேங்கடராமன் பிறந்தார். 1892-இல் தந்தையார் காலமாக, மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த சிறிய தந்தையார் இல்லத்தை அடைந்து பள்ளியிற் பயின்றார். 1895-ஆம் ஆண்டு நவம்பரில் உறவினர் ஒருவர் வாயிலாகக் கேட்ட அருணாசலம் என்னும் பெயர் அவர் உள்ளத்திற் பதிந்தது. அதன்பின் சிறிய தந்தையார் இரவலாகப் பெற்றிருந்த பெரியபுராணம் அவர் கைக்கு எட்டியது. அடியார்களின் அன்பு அவர் நெஞ்சில் நீங்கா நினைவாயிற்று.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், மாடியறையில் தனித்திருந்த அவரை மரணபயம் பற்றியது. நோய் ஒன்றும் இல்லை. அவர் எவரையும் அழைத்திலர். இறப்பதாவது யாது என ஆராயத் துணிந்தார். கால் கைகளைப் பிணம்போல் நீட்டிக் கிடந்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடினார். இவ்வுடம்பு சுடுகாடு சென்று நீறாகும். அதனோடு தாமும் அழிவரோ என வினவினார். உடம்பு அசைவற்றிருப்பவும் தம் உணர்வு விளங்குதலைக் கண்டார், அச்சம் ஒழிந்தது. எனது உடம்பு என்னும் வழக்கைக் காட்டி, உடையவன் உடைமையின் வேறாதலை விளக்கும் ஆசிரியர் நெறிக்கு இஃது அனுபவச் சான்றாம்.

இனி, தன்னையறிந்தார்க்கு வழிபாடு வேண்டாவென்பார் உளர். அவர் கருதத்தக்கது இதன்பின் நிகழ்ந்ததே. முன்னர் எப்போதேனும் ஆலயஞ் சென்ற வேங்கடராமன், அதன்பின் மாலைதோறும் தனியே மீனாட்சியம்மை திருக்கோயிலை அடைந்தார். சொக்கலிங்கப் பெருமான், அம்மை, நடராசர், அறுபத்து மூவர் திருமுன்களில் கண்ணீர் பெருக நின்றார். அந்நாயன்மார்க்கு வாய்த்த அன்பு தமக்கும் வாய்த்தற்கு அருள்வேண்டி இறைஞ்சியதும் உண்டு.

பிற்காலத்து அவர் உபதேசம் ஆன்மா ஒன்றே என்னும் கொள்கையைத் தழுவியது. சித்தாந்தமோ இறையும் உயிரும் பொருளால் வேறென்றும் கலப்பால் ஒன்றென்றும் கொள்ளும். இவ்வேறுபாடு மறைக்கற்பாலதன்று. ஆயினும் தசகாரியம் கூறும் முறையில் ஆன்ம தரிசனத்திற்கு மேல் ஆன்ம சுத்தியும், அதன் பயனாகிய சிவயோக சிவபோகங்களும் உள. தன்னை அறிந்த உயிர் தலைவனை நாடுதல் இயல்பு என்பதற்கு மதுரையில் கழிந்த அவ்வாறு வாரங்களே கரியாம்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மூன்று ரூபாயுடன் அவர் இல்லம் துறந்தார். எழுதிவைத்த கடிதம் தம் தந்தையைத் தேடிச் செல்வதாகக் கூறியது. அதில் ‘நான்’ எனத் தொடங்கியவர் ‘இது’ எனத் தம்மைச் சுட்டி, ஒப்பமிடாது முடித்தார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைத் திருக்கோயிலிற் புகுந்தார். 1950-இல் உடம்பு நீங்குங்காறும் அத்தலத்தை நீங்கிற்றிலர்.

தன்னை நாடுதலும், அடியார் வரலாற்றை நினைத்தலும், அருளை வேண்டலும் ஒருங்கியைந்த விடத்தே வாழ்வு பொருளுடையதாகும் என்பதே இவ்வரலாற்றால் அறியக் கிடப்பது.