தாயைப் பிரிந்த குருளையும் கன்றும்: மேற்குமலைக் காடுகளில் மறுவாழ்வின் வரலாறு

வட்டவடையின் படிக்கட்டு வயல்களைச் சுற்றிப் பாம்பாடும் சோலை, ஆனைமுடிச் சோலை, குறிஞ்சிமலைச் சரணாலயம் ஆகிய காடுகள் விரிந்துள்ளன. வடக்கே ஆனைமலை, தெற்கே பெரியாறு என நீளும் இம்மலைத்தொடரின் நடுவே கேரள, தமிழக எல்லை செல்கிறது. விலங்குகளுக்கு அவ்வெல்லை ஒரு பொருட்டன்று. தாயைப் பிரிந்த குட்டியொன்று கண்டெடுக்கப்படும்போது மட்டும் மாநிலம், துறை, சட்டம் அனைத்தும் அச்சிறு உடலைச் சூழ்ந்துகொள்கின்றன.

2020 நவம்பரில் பெரியாறு புலிகள் காப்பகத்தில், மங்கலதேவிக் கோயிலை அடுத்த காட்டில், ஏறத்தாழ இரு மாத வயதுடைய பெண் புலிக்குருளை ஒன்று கிடைத்தது. கால்கள் வலுவிழந்திருந்த அதனைத் தாய் திரும்ப வந்து அழைத்துச் செல்லவில்லை. மலையின் பெயரே அதற்கு இடப்பட்டு ‘மங்கலா’ ஆயிற்று. கால்கள் தேறிய பின்னர்க் கண்களில் புரை காணப்பட்டது. அமெரிக்காவிலிருந்து சொட்டுமருந்து தருவிக்கப்பட்டது. மாற்றுப்பாலில் வளரும் புலிக்குருளைகளுக்குக் கண்புரை தோன்றுவது விலங்குக்காட்சிசாலைகளில் முன்பே பதிவான செய்தி. 2021 செப்டம்பரில் வால்பாறை முடீஸ் பகுதியில் முள்ளம்பன்றி முட்கள் தைத்த காயங்களோடு மற்றொரு இளம்புலி பிடிபட்டது. அதற்கு வேட்டை பழக்க, மானாம்பள்ளி வனச்சரகத்தின் மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடிப் பரப்பில் வேலியிட்ட இடம் அமைக்கப்பட்டது. பார்வை மங்கிய புலியும் கோரைப்பல் முறிந்த புலியும் கூண்டில் நெடுநாள் வாழக்கூடும். காட்டில் வாழ்தல் அரிது. எனவே இங்கு நோய் தீர்வதும் மறுவாழ்வு பெறுவதும் இருவேறு நிகழ்வுகளாகின்றன.

இந்த வேறுபாடு அண்மைக்காலத்தது. ஆனைமலையிலும் மலபாரிலும் குழிவெட்டி யானை பிடித்த காலத்தில், குழியில் விழுந்த கன்றின் நலம் அதன் எதிர்கால உழைப்பைக் கொண்டே அளக்கப்பட்டது. காலொடிந்த கன்று ஓர் இழப்பு. தேறிய கன்று முகாமின் உடைமை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும் இந்நிலையை மாற்றின. பிடிப்பதற்கு மாறாக மீட்பது அரசின் கடமையாயிற்று. ஆயினும் மீட்கப்பட்ட கன்று சென்றடைந்த இடம் பெரும்பாலும் அதே முகாம்தான்.

அங்கே முதலில் எதிர்ப்படும் இடர் பால். யானைப்பாலின் கொழுப்பும் சர்க்கரையும் பசும்பாலினின்று வேறுபட்டவை. பொருந்தாத பால் வயிற்றுப்போக்கையும் நீரிழப்பையும் உண்டாக்கும். மேலும், கன்று தாயின் சாணத்தைத் தின்றே செரிமானத்துக்குரிய நுண்ணுயிர்களைப் பெறுகிறது. புட்டிப்பாலில் அதற்கு இடமில்லை. 2023 மார்ச்சில் தருமபுரிப் பகுதியில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஆண் கன்று முதுமலைக்குக் கொண்டுவரப்பட்டு, சில வாரங்களுக்குள் வயிற்றுப்போக்குற்று இறந்தது. ரகு, பொம்மி ஆகிய கன்றுகளை வளர்த்தோரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்ற அதே மாதத்தில் அவ்விறப்பு நேர்ந்தது. கைதேர்ந்த வளர்ப்பாளரின் பரிவும் கடக்கவியலாத எல்லையொன்று உண்டு என்பதை அது காட்டியது.

இரண்டாவது இடர் ஹெர்பிஸ் வகை நச்சுயிரி. இரத்த நாளங்களின் உட்சுவரைத் தாக்கி, உள்ளுறுப்புகளில் குருதி கசியச் செய்து, ஓரிரு நாள்களில் கன்றைக் கொன்றுவிடும். 1995இல் வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையில் 16 மாத வயதுடைய குமாரி என்னும் கன்று இறந்தபின், 1999இல் இந்நோய் ஆய்வுலகில் விரிவாக விளக்கப்பட்டது. 2021இல் திருவனந்தபுரத்தை அடுத்த கோட்டூர் யானை மறுவாழ்வு மையத்தில் ஸ்ரீகுட்டி, அர்ஜுன் ஆகிய கன்றுகள் சில நாள் இடைவெளியில் இதற்குப் பலியாயின. இது கூண்டுவாழ்வு தந்த நோய் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால், கேரள வனத்துறைக் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியாவும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியக் காட்டுயானைகளும் இந்நோயால் மடிவதை நிறுவியது. நச்சுயிரி காட்டிலேயே உள்ளது. மையங்கள் அதனைக் காணத்தக்கதாக்கின. வடகடலில் 1988இல் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் டிஸ்டெம்பர் வகைத் தொற்றால் மடிந்தபோதும், கரையோரக் கடல்நாய்க் காப்பகங்கள் இத்தகைய காட்சியையே எதிர்கொண்டன.

காட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் இலங்கை முன்னோடி. 1995இல் தொடங்கிய உடவளவை யானைக்கன்று இடைத்தங்கல் இல்லத்தில் பால் புகட்டும் வேளை தவிர மனிதர் நெருங்குவதில்லை. 1998 முதல் கன்றுகள் கூட்டமாகவே விடுவிக்கப்படுகின்றன. விடுவிக்கப்பட்டவை நூற்றைக் கடந்துவிட்டன. நெதர்லாந்து வேறொரு முடிவை எட்டியது. கரையில் தனித்துக் கிடக்கும் கடல்நாய்க் குட்டிகளை உடனே அள்ளிச் செல்லாமல், முதலில் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும் என அங்கு 2020இல் உடன்பாடு ஏற்பட்டது. கடல்நாய்த் தாய் இரைதேடச் சென்று திரும்பக்கூடும். அவ்வாறாயின், அவசர மீட்பே குட்டியை அநாதையாக்கிவிடும்.

மலைக்காடுகளின் பட்டறிவும் இதனோடு ஒத்துப்போகிறது. 2023 டிசம்பர் இறுதியில் வால்பாறையை அடுத்த பன்னிமேட்டில் தனித்து நின்ற கன்றை வனத்துறையினர் முகாமுக்குக் கொண்டுசெல்லவில்லை. டிரோன் கொண்டு கூட்டத்தைத் தேடிக் கண்டு, கன்றை அதனிடம் சேர்த்தனர். பின்னர் அக்கன்று தாயின்மேல் சாய்ந்து உறங்கும் படம் வெளியாயிற்று.

தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்கள் ஒன்பதைத் தொகுக்கிறது. புலியின் குட்டிக்குக் குருளை என்பதும், யானையின் கன்றுக்குக் குழவி என்பதும் அங்கே உரியவை. மனிதக் குழந்தைக்கும் வழங்கும் சொல் குழவி. அச்சொல் தரும் நெருக்கம், கண்ட கணமே கன்றை ஏந்திக்கொள்ளத் தூண்டும். தாயிருக்கும் கன்றுக்குத் தேவைப்படுவதோ, ஏந்துவதற்கு முன் சில மணிநேரம் காத்திருக்கும் பொறுமை.