அறத்தொடு நிற்றல்

மறைவாக வளர்ந்த காதலை உரிய வேளையில் வீட்டாருக்கு வெளிப்படுத்துவதே 'அறத்தொடு நிற்றல்'. இங்கே அறம் என்பதற்குத் தக்கது என்றும் கற்பு என்றும் இறையனார் களவியல் உரை பொருள் சொல்கிறது. தலைவி தோழிக்கும், தோழி வளர்ப்புத்தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் உணர்த்துவது மரபு. சங்கப் புலவர் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, அதன் 261 அடிகளிலும், தோழி செவிலியிடம் பேசும் இந்த ஒரே பேச்சுதான்! ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்பது அதன் பழங்குறிப்பு. காதலைக் குற்றமாக ஒப்புக்கொள்ளாமல் அறமாக எடுத்துரைக்கும் துணிவு 'அறத்தொடு நிற்றல்' என்ற சொல்லில் இருக்கிறது. காதல் படங்களுக்குத் திரைக்கதை எழுதுவோரே, சண்டைக்காட்சிக்குத் தாவும் முன் அந்தத் தோழியைப் பேசவிடுங்கள்.