நர்ஸம்மா நோட்டில் இருந்த இரண்டு வார்த்தை

மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். நம்ம தர்மபுரி மாவட்டத்துக்குச் சொல்லிக்கொள்ள வரலாறு நிறையவே இருக்கு. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு மகளிர் குழுக்களை ஆரம்பித்தது முதலில் இங்கேதான். அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்த பெரிய மாவட்டம். பிறகு சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று பரவியது. 1992-ல் நபார்டு மூலம் வங்கிக் கடன் இணைப்பு வந்தது, 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. இதையெல்லாம் எல்லா மலரிலும் எழுதியாச்சு. என்னைவிட நல்லா எழுதுறவங்க நம்மில் இருக்காங்க.

அதே வருஷங்களில், அதே ஊர்களில் நடந்த இன்னொன்றை மட்டும் எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை. பொறந்த பொட்டப்புள்ளைங்களைக் கொன்றது. அதைத்தான் எழுதப் போறேன். படிக்கக் கஷ்டமா இருக்கும். எழுதவும் அப்படித்தான் இருக்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர்கள் வைத்திருக்கும் பதிவேட்டில் பிறப்பு, இறப்பு, இறந்த காரணம் எல்லாம் எழுத வேண்டும். வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல், குறைமாதம் என்று எழுதுவார்கள். அந்தக் காலப் பதிவேடுகளில் சில பெண் குழந்தைகளின் பெயருக்கு நேரே, அதுவும் பெயரே வைக்காத குழந்தைகளுக்கு நேரே, வேறு இரண்டு வார்த்தை இருக்கும்: "சமூகக் காரணம்." அவ்வளவுதான். கள்ளிப்பால் என்றோ, நெல்மணி என்றோ எழுதவில்லை. பால் கொடுக்காமல் போட்டுவிட்டார்கள் என்றும் எழுதவில்லை. கொலை என்று எழுதினால் நர்ஸம்மா மறுநாள் அந்த ஊருக்குள் தடுப்பூசிப் பெட்டியோடு கால் வைக்க முடியாது. பொய்யாகக் காய்ச்சல் என்று எழுதவும் மனசு வரவில்லை. நடுவில் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த வார்த்தையில் எல்லாருக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. வீட்டுக்காரங்களுக்கு போலீஸ் இல்லை. ஊருக்கு அவமானம் இல்லை. அதிகாரிகளுக்கு வேலை இல்லை. ஆனாலும் நான் அந்தச் செவிலியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவங்க அந்த அரை உண்மையையாவது எழுதி வைத்ததால்தான் பிறகு கணக்கே போட முடிந்தது.

கணக்குப் போட்டவர்களில் ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத். புதுக்கோட்டையில் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்ட வைத்தாரே, அதே அம்மாதான். சுகாதாரத் துறைக்கு வந்தபின், பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவோடு சேர்ந்து, 1990-களின் நடுவில் இந்தப் பதிவேடுகளை மாநிலம் முழுக்கத் தொகுத்துப் பார்த்தார். வருஷத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் பெண் சிசுக்கள் "சமூகக் காரணத்தால்" இறந்திருந்தன. அதில் பெரும்பகுதி சேலம், தர்மபுரி, மதுரை வட்டாரங்களில்.

யாராவது "பதிவேட்டில் என்னமோ எழுதியிருக்காங்க, அதை நம்பறதா?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு. நாமே குழந்தை பெற்று வளர்த்தவர்கள், நமக்குத் தெரியும், பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். பொம்பளப்புள்ளை உடம்பு கெட்டி. உலகம் முழுக்க அப்படித்தான், முதல் மாதத்தில் ஆண் குழந்தைகளே அதிகம் சாகின்றன. நம்ம பக்கத்தில் மட்டும் தலைகீழாக இருந்தது. இயற்கை ஒரு மாவட்ட எல்லையில் வந்து திரும்பிப் போகாது இல்லையா?

ஏன் செய்தாங்க? அறியாமை, வறுமை என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது முழுசா ஒத்துக்காது. கூலிக்குப் போகிற வீட்டில் மட்டுமல்ல, கிணறும் பம்பு செட்டும் உள்ள வீட்டிலும் நடந்தது. அறியாமலும் செய்யவில்லை, எண்ணித்தான் செய்தார்கள். முதல் பெண் குழந்தையைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது தப்பித்தால் உண்டு. மூன்றாவதுக்குத்தான் ஆபத்து.

நம்ம பாட்டி காலத்தில் பரிசம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது. பொண்ணு காட்டில் வேலை செய்கிற கை, அந்தக் கையைக் கூட்டிப் போகிறவன் பணம் கொடுத்தான். பிறகு கிணற்றுப் பாசனம், பணப்பயிர், படிச்ச மாப்பிள்ளை, அரசு வேலை என்று வரவர அது திரும்பிவிட்டது. பவுன் கணக்கு, வண்டி, சீர் வரிசை, காதுகுத்து முதல் வளைகாப்பு வரை பொண்ணு வீட்டுச் செலவு. மூணு பொண்ணு என்றால் இருக்கிற ரெண்டு ஏக்கரும் போச்சு என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் பிழை இல்லை என்பதுதான் பயங்கரம்.

உசிலம்பட்டிப் பக்கம் நடப்பதை 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டபோது ஊர் முழுக்க ஆத்திரம். புள்ளை செத்ததற்கு வராத கோபம், பேப்பரில் வந்ததற்கு வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கு வந்தபோது எதுவும் மறைக்க முடியவில்லை. ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைக்கு இத்தனை பெண் குழந்தை என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 948. சேலத்தில் 849. பக்கத்திலேயே நாம்.

1992-ல் முதல்வராக இருந்த ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள், அரசு வளர்க்கும். அப்போதே பலர் எதிர்த்தார்கள், "பெத்தவங்க கைகழுவ இது வழி பண்ணுதே" என்று. அதில் நியாயம் இருக்கு. ஆனால் எனக்கு வேறொன்று தோணும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தொட்டிலை வைத்தபோது, எங்க மாநிலத்தில் இது நடக்குது என்று அரசே வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. அதுவரை யாரும் செய்யாத காரியம். அதே ஆண்டு பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் வந்தது.

இனி நம்ம குழுக்களுக்கு வருவோம். ஆரம்பத்தில் சந்தா, உள்கடன், கையெழுத்துப் பழக்கம், தெருவிளக்கு, குடிதண்ணீர் இவைதான் பேச்சு. இந்த விஷயத்தை யாரும் எடுக்க மாட்டாங்க. எடுத்தால் குழு உடைஞ்சிடும் என்ற பயம். வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெத்தவளும் இருப்பாள், மாமியாரும் இருப்பாள், குழந்தையைக் கையில் வாங்கின மருத்துவச்சியும் இருப்பாள். யாரைப் பார்த்துப் பேசுறது?

1998-ல் தர்மபுரி மாவட்டம் முழுக்கக் கலைப்பயணம் நடந்தது. ஊர் ஊராகத் தெருநாடகம். நம்ம பேச்சிலேயே, நம்ம வீட்டு வாசல் போலவே ஒரு வாசல், ஒரு திண்ணை, பிரசவ வலியில் ஒருத்தி, வெளியே காத்திருக்கும் மாமியார். பார்த்தவங்க கைதட்டவே இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கிட்டு நின்னாங்க. அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் கடன் பேச்சு எடுக்கும் முன்னாலேயே எங்க குழுவில் மூத்த ஒரு அம்மா சொன்னாங்க: "நாடகத்துல அந்தக் கிழவி வேற யாருமில்ல, நான்தான்." அதற்கு மேல் அவங்க எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் எங்க வட்டத்தில் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

பிறகு செய்தது பெரிய போராட்டம் இல்லை. ரெண்டு பொண்ணு இருக்கிற வீட்டில் யாராவது மாசமா இருந்தால், குழுவிலிருந்து ரெண்டு பேர் அடிக்கடி போய் வந்தோம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனோம். புள்ளை பொறந்து பத்து நாள் ஆள் மாற்றி ஆள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். கருப்பட்டிக் காபி கொடுத்து உபசரித்த வீடும் உண்டு, "எங்க வீட்டுப் புள்ளைக்கு நீங்க என்ன காவலா?" என்று விரட்டின வீடும் உண்டு. ஆமாம், காவல்தான்.

இன்னொன்றையும் சொல்லணும். பல குழுக்களில் கறவை மாட்டுக் கடன் என்று எழுதி வாங்கின பணம் பொண்ணு கல்யாணத்துச் சீருக்குப் போனது. போகிற இடம் தெரிந்தேதான் தீர்மானம் போட்டார்கள். ஒருபக்கம் திண்ணையில் காவல், இன்னொரு பக்கம் வரதட்சணைக்குக் கடன். இதைப் பற்றிக் கூட்டமைப்பில் இன்னும் நாம் மனம்விட்டுப் பேசவில்லை.

கொல்வது குறைந்தது, அது உண்மை. ஆனால் 2001 கணக்கில் சேலம் 851-தான், பத்து வருஷத்தில் ரெண்டே ரெண்டு கூடியிருந்தது. ஸ்கேன் வந்துவிட்டதே! கருவில் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-லேயே சட்டம் போட்டாச்சு, அதற்காக எல்லாரும் நிறுத்திவிடவில்லை. 2011-ல் சேலம், தர்மபுரி இரண்டும் 900-ஐத் தாண்டின, சந்தோஷம். மாநிலக் கணக்கு 943. முப்பது நாப்பது வருஷத்துக்கு முன் 948 இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

இப்போது எங்க ஊராட்சியில் மாதக் கூட்டத்தில் கர்ப்பிணிகள் பதிவையும் கேட்கிறோம். மூணாம் மாசம் பேர் இருந்து, அஞ்சாம் மாசம் இல்லாமல் போனால் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறோம். கரு கலைவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், உடம்பு நொந்து கிடப்பவளைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குள் கட்டுப்பாடு உண்டு. அவளுக்கு முதலில் ரசம் சாதம், இரும்புச் சத்து மாத்திரை. கேள்வி புருஷனிடமும் மாமியாரிடமும்தான்: எந்த ஊர் ஸ்கேனுக்குப் போனீங்க? யார் கூட்டிப் போனது? எவ்வளவு பணம் கொடுத்தீங்க? பதில் சொன்னால் தேதி போட்டு எழுதிக்கொள்கிறோம். சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்று எழுதிக்கொள்கிறோம்.